தலைக்கு மேலே திருகோணமலை

திருகோணமலைக்குக் கமராவோடு வருகிறவர்கள் கோணேசர் மலையை எடுப்பார்கள், கோட்டைக்குள் நிற்கும் மான்களை எடுப்பார்கள், கடலை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தவுடன் அண்ணாந்து பார்க்கிற ஆள் குறைவு. சுவருக்குத் திருவிழாவுக்குத் திருவிழா பெயின்ற் அடிபடும். நிலத்தில் பழைய சீமெந்தை உடைத்து மாபிள் பதிப்பார்கள். முகட்டில் கைவைப்பதென்றால் சாரம் கட்ட வேண்டும், கூலி கூடும், கடையைப் பூட்ட வேண்டும். அதனால் பழைய வேலைப்பாடு கடைசியாக மிஞ்சிக் கிடக்கிற இடம் அதுதான்.

அந்த முகடுகளைப் படம் எடுப்பதைப் பிரதான வீதி, மத்திய வீதிப் பக்கம் உள்ள பழைய கடைகளில் தொடங்கலாம். முகப்பில் புதுப் பெயர்ப்பலகையும் கண்ணாடியும் இருக்கும். உள்ளே தட்டுகளுக்கு மேலே பார்த்தால் தீராந்தி, கைமரம், ரீப்பை, அதன்மேல் கள்ளிக்கோட்டை ஓடு என்று பழைய அடுக்கு அப்படியே நிற்கும் கடைகள் அகப்படும். தீராந்தி சுவருக்குச் சுவர் குறுக்கே போகிற பெருமரம். சொல்லே போர்த்துக்கீசத்திலிருந்து வந்தது. அவர்கள் போய் முந்நூறு வருடத்துக்கு மேலாகியும் நம்முடைய தச்சர் வாயில் இருக்கிறது. ஓட்டின் அடிப்பக்கத்தையும் விடாதீர்கள். இந்த வகை ஓட்டை 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபையார் தொழிற்சாலை வைத்துச் செய்யத் தொடங்கினார்கள். பிறகு மற்றவர்களும் செய்தார்கள். செய்த இடத்தின் பெயரை ஓட்டின் அடியில் அச்சாகக் குத்தியிருப்பதுண்டு. கீழே நின்று வெறுங்கண்ணால் வாசிக்க முடியாது. போனில் 3 மடங்கு லென்ஸை வைத்து, பக்கவாட்டிலிருந்து ரோர்ச் அடித்தால் எழுத்துக்கு நிழல் விழுந்து தெளியும். நேர் கீழிருந்து அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும்.

கேட்காமல் எடுக்கக் கூடாது. "முதலாளி, இந்த முகட்டை ஒரு படம் எடுக்கலாமோ?" என்றால் பெரும்பாலும் சம்மதம்தான், ஆனால் வரி அளக்க வந்த ஆளோ என்று ஒரு பார்வையும் கூடவே வரும். எடுத்த படத்தை அங்கேயே காட்டிவிடுங்கள்.

கோயில்களில் விதானம் வேறு கணக்கு. பத்திரகாளி அம்மன் கோயில் போன்ற இடத்தில் தூணும் விதானமும் வண்ண உருவங்களால் நிறைந்திருக்கும். ஒரே படத்தில் எல்லாவற்றையும் அடக்கப் பார்த்தால் எதுவுமே பதியாது. ஒரு பத்தி, ஒரு தாமரை, இரண்டு தூணுக்கு இடைப்பட்ட ஒரு கட்டம் என்று பிரித்து எடுப்பதுதான் சரி. ஐயரிடமோ தர்மகர்த்தாவிடமோ அனுமதி கேளுங்கள்; பூசை நேரத்தில் வேண்டாம்; மூலஸ்தானத்தை நோக்கிக் கமராவைத் திருப்பவே வேண்டாம். இன்னொன்று, நிலத்தில் படுத்து எடுக்கிறவர்கள் மறக்கிற விஷயம்: கால் மூலஸ்தானப் பக்கம் நீளக்கூடாது. படுக்காமலே எடுக்கலாம் என்பதால் இந்தச் சங்கடமே தேவையில்லை.

போனைத் திரை கீழே பார்க்க, பின்பக்கக் கமரா மேலே பார்க்க, ஒரு கைலேஞ்சியின்மேல் நிலத்தில் வையுங்கள். 10 செக்கன் ரைமரைப் போட்டுவிட்டு விலகி நில்லுங்கள். நிலம் மட்டமாக இருந்தால் லென்ஸும் விதானமும் சமாந்தரமாகிவிடும், கோடுகள் சரியாது. ஆனால் பழைய மண்டபங்களிலும் விறாந்தைகளிலும் கழுவும் தண்ணீர் ஓட நிலத்தில் வாட்டம் விட்டிருப்பார்கள். அங்கே ஒரு பக்கத்துக்கு மடித்த கடதாசி கொடுக்க வேண்டும். திரை தானாகச் சுழல்வதை முதலில் நிறுத்துங்கள். நேர் மேலே பார்க்கும்போது எது மேல் எது கீழ் என்று போனுக்கே தெரியாது, ஒவ்வொரு படமும் ஒவ்வொரு பக்கம் திரும்பிக் கிடக்கும்.

எவ்வளவு அடங்கும் என்பதை முன்கூட்டியே கணக்குப் பார்க்கலாம். போனின் சாதாரண லென்ஸ் பெரிய முழுச்சட்டக் கமராவின் சுமார் 26 மி.மீ. லென்ஸுக்குச் சமம். அது லென்ஸிலிருந்து விதானம் வரையான உயரத்தைப்போல் நீளத்தில் 1.3 மடங்கும் அகலத்தில் 1 மடங்கும் பிடிக்கும். 4 மீற்றர் உயரத்தில் 5.3க்கு 4 மீற்றர். 13 மி.மீ. அகல லென்ஸ் இதைப்போல் இரண்டு மடங்கு பிடிக்கும், ஆனால் ஓரத்தில் உள்ள உருவங்களின் முகம் இழுபட்டுக் கோணும். கொங்கிறீற் கட்டங்களுக்கு அது பரவாயில்லை, தெய்வத்தின் முகத்துக்குப் பொருந்தாது. மீன்கண் லென்ஸை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. நேர் மரத்தை வில்லாக வளைத்துவிட்டு அதைக் கட்டடக்கலைப் படம் என்று சொல்ல முடியாது.

நடுவைக் கண்டுபிடிக்கத் தூக்கு விசிறிதான் நல்ல கருவி. விசிறித் தண்டு நேராகத் தொங்கினால் தூக்குக்குண்டு மாதிரி. திரையில் தண்டின் நீளம் தெரியாமல் வெறும் புள்ளியாகும்போது நீங்கள் சரியாக அதன் அடியில் நிற்கிறீர்கள். தேவாலயத்தில் சரவிளக்கு, பள்ளிவாசல் குவிமாடத்தில் தொங்குவிளக்கு, எல்லாம் இதே உபாயம். கொக்கி நடுவில் இல்லாத மண்டபங்களும் உண்டு, ஆகவே நிலத்து ஓடுகளை இரு சுவரிலிருந்தும் எண்ணி ஒருதரம் சரிபாருங்கள். 1852இல் எழுந்த புனித மரியாள் பேராலயம் போன்ற நீளமான கோயில்களில் நடுப்பாதையே கோடு காட்டும், வேலை சுலபம்.

பெரிய கமரா என்றால் சில தொல்லைகள் கூடும். ஸூம் லென்ஸை மேலே பார்க்க வைத்தால் அதன் பாரத்திலேயே மெல்லக் கீழே சரியும். ஒரு செக்கன் திறப்பில் படம் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கோடு கோடாக இழுபட்டிருந்தால் காரணம் இதுதான். ஸூம் வளையத்தில் ஒரு துண்டு ரேப் போதும். சிறு ரசமட்டத்தைக் கமராவின் தலையில் அல்ல, லென்ஸின் வாய் விளிம்பில் வைத்துப் பாருங்கள். 24 மி.மீ. லென்ஸில் துவாரத்தை எஃப் 5.6இல் வைத்து 3.4 மீற்றரில் குவித்தால் 1.7 மீற்றரிலிருந்து மேலே உள்ளது அத்தனையும் கூர்மையாக விழும். எஃப் 16 வரை மூட வேண்டிய தேவை இல்லை.

வெளிச்சம்தான் பாதி வேலை. நமக்குக் கடல் கிழக்கே. காலை ஏழரையிலிருந்து ஒன்பதரைக்குள் தாழ்ந்த வெயில் கிழக்கு வாசலால் உள்ளே வந்து நிலத்தில் பட்டு மேலே தெறிக்கும். விதானத்துக்கு அதைவிட நல்ல விளக்கு இல்லை. நிலம் சிவப்புச் சீமெந்து என்றால் வெள்ளை விதானமும் செம்மையேறித் தெரியும். வெள்ளைத் தாளை முகம் கீழே பார்க்கப் பிடித்து, கீழிருந்து அதை எடுத்து, வெண்சமநிலையைச் சரிசெய்யுங்கள். உச்சி வெயிலில் யன்னலும் கண்ணாடி ஓடும் வெளுத்துப்போகும். அப்போது ரைபொட்டில் வைத்து, வெளிச்சத்தை 2 படி குறைத்து ஒன்று, சரியாக ஒன்று, 2 படி கூட்டி ஒன்று என மூன்று எடுத்துச் சேர்க்கலாம். விசிறி சுற்றிக்கொண்டிருந்தால் சேர்த்த படத்தில் ஆறேழு இறகு முளைக்கும். நிறுத்தச் சொல்லுங்கள். சனம் இருந்து புழுங்குகிற இடத்தில் அதைக் கேட்க மனம் வராவிட்டால், ஒரே படமாக அரைச் செக்கனுக்கு மேல் திறந்து வையுங்கள். இறகுகள் மெல்லிய புகையாகக் கரைந்துவிடும். ரியூப் லைற்றின் கீழே படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள். நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு செக்கனுக்கு 100 தரம் துடிக்கும். 1/100, 1/50 ஆகிய வேகங்களில் பட்டை அடங்கும்.

குளிரூட்டிய வான் வண்டியிலிருந்து இறங்கி உடனே லென்ஸ் மூடியைத் திறந்தால் கண்ணாடி வேர்த்துவிடும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். பையைத் திறக்காமல் 20 நிமிடம் விடுங்கள். மேலே பார்க்கிற லென்ஸில் தூசியும் புறா எச்சமும் விழும் என்பதால் ஒரு சாதாரண பில்ரர் அவசியம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் இன்னும் அவசியம்.

பிரெட்ரிக் கோட்டை வாசலின் வளைவைக் கடந்துதான் கோணேஸ்வரத்துக்குப் போக வேண்டும். அதன் அடியால் வாகனம் ஓடுகிறது, உள்ளே இராணுவமும் இருக்கிறது. ஆகவே நிலத்தில் போன் வைக்கிற யோசனை வேண்டாம். காவலரிடம் கேட்டு, ஓரமாக நின்று சரித்தே எடுங்கள். திரியாயில் எதிர்மாறான காட்சி: பழைய பௌத்தத் தாதுகோபத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கற்றூண்கள் நிற்கின்றன, அவை தாங்கிய கூரை போய்விட்டது. நடுவானைப் பார்த்து எடுத்தால் தூண் தலைகளின் வளையம் இல்லாத கூரைக்கு அளவு சொல்லும்.

கொங்கிறீற் விதானத்தில் செம்பழுப்புக் கோடுகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது அலங்காரம் அல்ல. உப்புக்காற்று உள்ளே இறங்கி, அல்லது கழுவாத கடல் மணலால் கட்டி, கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த உப்பலில் சீமெந்து பாளம் பாளமாகக் கழரும். படம் நன்றாக வரும்தான். பக்கத்து அறையின் வாசல் நிலையில் நின்று எடுங்கள், அடியில் போகாதீர்கள்.

படத்தைச் சேமிக்கும்போது எந்தப் பக்கம் கிழக்கு என்று எழுதிவையுங்கள். அண்ணாந்து எடுத்த படத்தில் வடக்கை மேலே வைத்தால் கிழக்கு இடது கைப்பக்கம் வரும், நிலப்படத்துக்கு நேர் எதிர். இது தவறென்று நினைத்துக் கணினியில் இடம்வலமாகப் புரட்டிவிடுகிறார்கள். எட்டுத் திக்குப் பாலகர் அமைந்த விதானத்தைப் புரட்டினால் கூரையில் இல்லாத ஒரு வரிசை படத்தில் வந்துவிடும்; வடக்கே குபேரன் அப்படியே இருக்க, கிழக்கே இருக்கவேண்டிய இந்திரனும் மேற்கே இருக்கவேண்டிய வருணனும் இடம் மாறிப்போவார்கள்.