வேட்டங்குடிக்கு ஏன் அந்தப் பேர்?

அக்டோபர் 12, 2025, ஞாயிறு

காலையிலேயே காரைக்குடியிலிருந்து வண்டியை எடுத்து, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் எல்லாம் தாண்டி கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்க்குப் போனேன். பறவைகள் இன்னும் கொஞ்சம்தான் வந்திருக்கின்றன. பலகையில் ‘வேட்டங்குடி பறவைகள் சரணாலயம்’. எத்தனையோ தடவை படித்ததுதான், இன்றைக்குத்தான் உறைத்தது. வேட்டம் என்றால் வேட்டை அல்லவா? பறவைக்கு அடைக்கலம் தருகிற இடத்துக்கு இப்படி ஒரு பேர் எப்படி வந்தது?

எங்கள் பக்கத்துக் ‘குடி’களில் செடியும் மரமும்தான் அதிகம். இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, ஏன், காரைக்குடியையே காரைச் செடியோடு சேர்த்துச் சொல்வார்கள். குன்றக்குடிக்குக் கேட்கவே வேண்டாம், குன்று கண்முன்னே நிற்கிறது.

அக்டோபர் 15

அப்பத்தாவிடம் கேட்டேன். “காடாக் கெடந்த எடம் அப்பு, முயலும் கவுதாரியும் புடிச்சிருப்பாக” என்றார், வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. அவருக்கு விஷயம் அதோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை.

அக்டோபர் 20, தீபாவளி

விடிவதற்கு முன்பே தெருவில் சரவெடி. கொள்ளுக்குடிப்பட்டியில் இந்நேரம் ஒரு வெடிச்சத்தம் இருக்காது. சரணாலயமாக அறிவித்தது 1977இல், வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களைச் சேர்த்து 38.4 ஹெக்டேர். ஆனால் எந்த அறிவிப்பும் வீட்டுப் பிள்ளைகள் கையிலிருந்து மத்தாப்பைப் பிடுங்க முடியாது, பறவைகள் மிரளுமே என்று அந்த ஊர்க்காரர்களே தலைமுறையாக வெடி வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள், கல்யாணம், கோயில் திருவிழா எதற்கும் வேட்டு கிடையாது. வனத்துறை வருஷா வருஷம் இனிப்பு கொடுத்து மரியாதை செய்கிறது. எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

நவம்பர் 9, ஞாயிறு

இரண்டு நாளாக அகராதியும் கையுமாக இருந்தேன். சங்கப் பாட்டில் பரதவர் கடலில் மீன் பிடிப்பதும் வேட்டம்தான்! அதைப் படித்ததும் எனக்குக் கண்மாய்தான் ஞாபகம் வந்தது. கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊர் கூடி ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக இறங்கி, இடுப்புவரை சேற்றோடு கெண்டையும் விராலும் அள்ளிக்கொண்டு வருவார்களே, அதைவிட வேறென்ன வேட்டம் வேண்டும்? அப்பத்தாவின் முயல், கவுதாரியை நான் தள்ளவில்லை. ஆனாலும் என் மனசு மீன் பக்கம்தான் சாய்கிறது.

இன்றைக்குப் போனபோது மழைத் தண்ணீர் கருவேல மரங்களின் அடிவரை ஏறியிருந்தது. கரையோரம் ஒரு நத்தைகுத்தி நாரை. அதன் அலகு நடுவில் ஒட்டாது, பாக்குவெட்டியை முழுசாக மூடாமல் விட்டதுபோல ஒரு இடைவெளி தெரியும். சகதிக்குள் தலையை விட்டு, ரொம்ப நேரம் துழாவி, நத்தையின் ஓட்டை உள்ளேயே போட்டுவிட்டுச் சதையை மட்டும் வெளியே எடுத்தது. பக்கத்தில் நான் நிற்பதை அது சட்டைகூடச் செய்யவில்லை.

அப்பத்தாவிடம் போய் இதைச் சொல்ல வேண்டும்.