நேற்று எட்டு

கபாலா என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு மயிலாப்பூர் கபாலீஸ்வரர்தான் நினைவுக்கு வருவார். சம்பந்தமே கிடையாது. எபிரேயத்தில் 'பெற்றுக்கொண்டது' என்று பொருள், யூதர்களின் மறைஞான மரபுக்கு அதுதான் பெயர். மீதிப் பேருக்குத் தெரிந்தது மணிக்கட்டில் கட்டும் சிவப்புக் கயிறு. அந்தக் கயிற்று வியாபாரத்தில் எனக்கு ஆர்வமில்லை, விட்டுவிடுகிறேன்.

என்னை இழுத்தது ஒரு பதில். புரூக்ளினில் என்னோடு வேலை பார்த்த யூத நண்பரிடம், வேலை முடிந்து இருட்டுகிற நேரத்தில், "இன்றைக்கு ஓமரில் எத்தனையாவது நாள்?" என்று சும்மா கேட்டேன் (ஓமர் என்பது பாஸ்கா பண்டிகையையொட்டி யூதர்கள் இரவுதோறும் நாள் எண்ணும் வழக்கம்). "நேற்று எட்டு" என்றார். காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி கேட்டால் மறுபடியும் "நேற்று எட்டு". அப்புறம்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார். 'இன்று ஒன்பது' என்று வாய்விட்டுச் சொன்னாலே எண்ணியதாகிவிடுமாம், அதற்கு முன் சொல்ல வேண்டிய ஆசீர்வாதத்தைச் சொல்ல முடியாமல் போய்விடும். அதனால் இப்படி ஒரு தப்பிக்கும் வழி, சட்ட நூலிலேயே இருக்கிறது!

பாஸ்காவின் இரண்டாம் இரவில் தொடங்கி ஷவுவோத் பண்டிகை வரை 49 இரவுகள் எண்ண வேண்டும். மூலம் லேவியராகமம் 23, வாற்கோதுமை அறுவடைக் காணிக்கை. கபாலா ஞானிகள் இந்த 7 வாரங்களின் மேல் இறைவன் வெளிப்படும் பத்து குணங்களான செஃபிராக்களில் கீழுள்ள ஏழு செஃபிராக்களை ஏற்றி வைத்தார்கள். வாரத்துக்கு ஒன்று, அந்த வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் அதே ஏழில் ஒன்று. முதல் வாரம் ஹெசெத், அதாவது அள்ளிக் கொடுக்கும் அன்பு. இரண்டாவது கெவுரா, அளவு, கண்டிப்பு. ஆக இரண்டாம் நாள் அன்புக்குள் கண்டிப்பு, எட்டாம் நாள் கண்டிப்புக்குள் அன்பு. எண்ணி முடித்ததும், அன்றைய செஃபிராவில் நான் கெடுத்ததெல்லாம் சீராகட்டும் என்று ஒரு வேண்டுதலும் உண்டு.

இதில் எனக்குப் பிடித்தது, எந்தக் குணத்தையும் தனியாக நல்லது என்று சொல்லாததுதான். என் மகன் கணக்குப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலைப் பிடுங்கி நானே போட்டுக் கொடுத்துவிடுவேன், பாசம்தான், ஆனால் கெவுரா இல்லாத பாசம். 16-ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் ஊரில் ஐசக் லூரியா சொன்ன 'சிம்சும்' இதைத்தான் நினைவுபடுத்துகிறது: உலகத்துக்கு இடம் வேண்டுமென்று இறைவன் தன்னையே சுருக்கிக்கொண்டானாம். (சஃபேத்தில் அவர் வாழ்ந்தது இரண்டு வருடங்கள் போல, 1572-இல் 38 வயதிலேயே இறந்துவிட்டார்.) நான் சுருக்கிக்கொள்ள வேண்டியது ஒரு பென்சில் அளவுதான், அதற்கே கை பரபரக்கிறது.

ஒரு விதி மட்டும் கொஞ்சம் கடுமை. இரவில் மறந்தால் மறுநாள் பகலில் ஆசீர்வாதம் இல்லாமல் எண்ணிச் சரிக்கட்டலாம். பகலும் போய்விட்டால் அந்த வருடம் முழுக்க ஆசீர்வாதம் கிடையாது, வெறும் எண்ணிக்கைதான். அந்த வருடம் நான்காம் வாரத்தில் நண்பர் ஒரு நாளைக் கோட்டைவிட்டார். அதற்கப்புறம் தினமும் தொழுகைக்கூடத்தில் இன்னொருவர் ஆசீர்வாதம் சொல்ல, இவர் கேட்டு 'ஆமென்' சொல்லிவிட்டு, அன்றைய எண்ணிக்கையை மட்டும் தானே சொன்னார், 49 வரைக்கும்.