ஆச்சி மடித்து வைத்த பாயின் ஓரம்

ஐம்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் என் ஆச்சி தாத்தாவின் பெயரை ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுள் குறையும் என்பது அவள் தலைமுறைப் பெண்களின் உறுதியான நம்பிக்கை. யார் கேட்டாலும் பக்கத்தில் நிற்கும் என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவாள். நான் உடன் போகாத ஒருநாள், ஓர் அலுவலகத்தில் கணவர் பெயர் கேட்டிருக்கிறார்கள். "டவுன் கோயில் சாமி பெயர்" என்றிருக்கிறாள் ஆச்சி. திருநெல்வேலி டவுன் கோயில் சாமி நெல்லையப்பருக்கு வேணுவனநாதர் என்றும் ஒரு பெயர் உண்டு. எழுதியவர் கோயில் விஷயம் நன்றாகத் தெரிந்தவர் போலிருக்கிறது, அதையே எழுதிவிட்டார்.

அட்டை வீட்டுக்கு வந்து நான் படித்துச் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. திருத்த வேண்டுமானால் சரியான பெயரைச் சொல்ல வேண்டும். அதனாலேயே அது வெகுநாள் திருத்தப்படாமல் கிடந்தது. "யார் அந்த வேணுவனநாதன்?" என்று தாத்தா சோற்றில் குழம்பைப் பிசைந்துகொண்டே கேட்பார். ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடிவிடுவாள். எழுபது வயதுப் பெண் வெட்கப்பட்டு ஓடுவதை நான் அங்கேதான் பார்த்தேன்.

நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவல் அந்த ஓட்டத்திலிருந்து பிறந்தது. இறந்துபோன ஒருத்திக்குப் பதினாறு நாள் திரும்பக் கிடைக்கிறது. காதல் கதைதான். சிரிக்கவும் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன்.

மேலுலகம், வெண்புகை, கணக்குப் பார்க்கும் தேவர்கள் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துத் துஷ்டி வீடு, அதாவது சாவு வீடு, ஒன்றே போதும். நீர்மாலை எடுத்து, காடாத்தி, பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை போன உயிர் வீட்டைச் சுற்றியே நிற்கும் என்பார்கள். என் கதாநாயகி அதே வயதில், வேறு முகத்தோடு, அந்த வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறாள். துஷ்டி வீட்டில் புதுமுகத்தைப் பார்த்து யாரும் யார் என்று கேட்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பெண்வழி உறவு என்று ஆண்வழிக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள், ஆண்வழி உறவு என்று பெண்வழிக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். கையில் அரிவாள்மணையைக் கொடுத்துக் கத்தரிக்காய் நறுக்க உட்கார வைத்துவிடுவார்கள். அப்படித் தன் கருமாதிக்குத் தானே காய் நறுக்குகிறாள் அவள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாத்தனார், "மகராசி, அவள் கைக்கு உப்பு மட்டும் நிற்காது" என்று அவளிடமே சொல்கிறாள்.

அவள் புருஷனான அந்தக் கிழவர் அவளை எப்படி அடையாளம் கண்டுகொள்வார் என்பதில்தான் நாலு மாதம் தவித்தேன். குரல், மச்சம், கைப்பக்குவம் என்று எழுதிப் பார்த்தேன். எல்லாம் எங்கோ படித்ததாகவே இருந்தது. விடை எங்கள் வீட்டுப் பரணிலேயே இருந்தது.

ஆச்சியின் கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாய். சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டிலிருந்து பத்தமடை கூப்பிடு தூரம்தான். ஆற்றங்கரைக் கோரையை ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, நூலாகக் கிழித்து நெய்வார்கள். கல்யாணப் பாய் என்றால் பெண், மாப்பிள்ளை பெயர்களையும் சேர்த்தே நெய்வது வழக்கம். ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது. எந்த ஓரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று நெய்த அம்மாவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். அன்றிலிருந்து அந்தப் பாயில் உட்காரும் முன்பு, தாத்தாவின் பெயர் இருக்கும் ஓரத்தை உள்ளே மடித்துவிடுவாள். மிதித்துவிடக் கூடாது அல்லவா. அந்த மடிப்பில் கோரை நைந்து இன்று இரண்டு எழுத்துகள் போய்விட்டன. பாயைக் கையில் எடுத்த அன்றே அந்த அத்தியாயத்தை எழுதிவிட்டேன். யாரோ ஒரு கிழவி கூடத்துக்கு வருகிறாள், விரித்த பாயின் ஓரத்தை மடிக்கிறாள், உட்காருகிறாள். எதிரே நாற்காலியில் இருக்கும் கிழவரின் கையில் காப்பி டம்ளர் ஆடுகிறது.

போன மாதம் ஆதிச்சநல்லூர் போயிருந்தேன். இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம், 1986 வரை எங்கள் திருநெல்வேலி மாவட்டம். 1899இல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டத் தொடங்கியபோது, இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகளுக்குள் நெல் உமியும் கிடைத்தது. செத்தவருக்கும் பசிக்கும் என்று நினைத்த ஊர் இது. கண்ணாடித் தரையின் கீழே அந்தத் தாழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது புறநானூற்றின் 256ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. கணவனை இழந்தவள் குயவனிடம் பேசுகிறாள். வண்டிச் சக்கரத்து ஆரத்தில் ஒட்டிக்கொண்டே வந்த பல்லியைப் போல அவனோடு எத்தனையோ காடு கடந்து வந்தவள் நான், எனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாகச் செய் என்கிறாள். அவளும் கணவன் பெயரைச் சொல்லவில்லை. பாடியவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. பாயும் இருவருக்கு, தாழியும் இருவருக்கு என்று பஸ்ஸில் திரும்பும்போது சொல்லிக்கொண்டே வந்தேன். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஜன்னல் ஓரம் கிடைத்தது நல்லதாகப் போயிற்று, அழுதது யாருக்கும் தெரியவில்லை.

நாவலில் நான் வைத்திருக்கும் நிபந்தனை இதுதான். பதினாறாம் நாள் பொழுது அடைவதற்குள் கதாநாயகி தன் கணவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தங்கிவிடலாம். ஆனால் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று அவள் நம்புகிறாள். நூறு பிள்ளை வேண்டும் என்று எமனிடம் வரம் வாங்கி, கணவன் இல்லாமல் பிள்ளை ஏது என்று மடக்கினாள் சாவித்திரி. அவளுக்குச் சொல் கை கொடுத்தது. இவளுக்கோ சொல்லே பயம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதி முழுக்க லட்சம் தொண்டைகள் அந்தப் பெயரைச் சொல்லி வடம் இழுக்கின்றன, இவள் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். என் ஆச்சியும் அப்படித்தான். அம்மன் சன்னிதியில் "காந்திமதித் தாயே" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். சாமி சன்னிதிக்கு வந்தால் "அப்பனே" மட்டும்தான்.

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. அவளைச் சொல்ல வைக்கவும் மனம் வரவில்லை, அனுப்பிவைக்கவும் மனம் வரவில்லை.

தாத்தாவுக்கு இப்போது எண்பத்தாறு வயது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எழுதியவரை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அலுவலகக் கதை வந்ததும் சிரித்தார். தேரோட்டம் வந்ததும் சிரிப்பு நின்றது. கடைசிப் பக்கத்தை முடித்து, தாள்களை அடுக்கிவிட்டு, "எப்படி முடிக்கட்டும் தாத்தா?" என்று கேட்டேன். அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலுக்குக் கீழே கையை விட்டு, சுருட்டி வைத்திருந்த பாயை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"சொல்லச் சொல் தாயி. குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும்."