சந்தைப் போஞ்சி

வெள்ளவத்தைச் சந்தையில போஞ்சி எல்லாம் ஒரே பச்சை, ஒரே நீளம். கறிக்கு நல்லதுதான், மறுக்கேல்லை. ஆனால் போஞ்சி மெக்சிகோ பக்கம் ஒருக்காவும் தென்னமெரிக்காவின்ர அந்தீஸ் மலையில இன்னொருக்காவும் தனித்தனியாப் பயிரான செடி. அவ்வளவு வேறுபாடு அதுக்குள்ள இருக்கு. இலையில துருப் போலப் புள்ளி விழுற பூஞ்சை நோய், துரு நோய், வந்தால் ஒரு இரகம் படுத்திடும், இன்னொண்டு தாங்கும். அந்தத் தாங்குற மரபணு, ஆரோ ஒரு ஆச்சி சாம்பல் பிரட்டி வைச்ச விதையில கிடக்கலாம். போஞ்சி பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை, அதாவது தன்ர பூவின்ர மகரந்தத்தாலயே காய்க்கிறது எண்டதால வீட்டிலயே இரகம் கெடாமல் வைச்சிருக்கலாம். பேராதனைப் பக்கம் கன்னொறுவையில, விதைகளைக் குளிரில சேமிச்சு வைக்கிற மரபணு வங்கி இருக்கு, சரி. ஆனால் குளிருக்குள்ள உறங்கிற விதை புது நோயோட, புது வெயிலோட பழகாது. அதுக்கு மண் வேணும்.

மலைநாட்டுப் பக்கம் ஆரிட்டையாவது பழைய புள்ளிப் போஞ்சி விதை இருந்தால் உள்பெட்டிக்கு வாங்கோ. பல்கனியில ரெண்டு சாடி சும்மா கிடக்கு.