பாமினிக்குள் இருந்த அப்பாவின் நடவுப் பாட்டுகள்

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஒரத்தநாடு பக்கம் நடவுக்குப் போன பெண்களிடம் பாட்டுக் கேட்டு, கேசட்டில் பதிந்து, நோட்டில் எழுதி, 2003இல் டவுனில் ஒரு டி.டி.பி. சென்டரில் கொடுத்து டைப் செய்து வாங்கினார். கேசட்டுகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியது இரண்டு சிடிதான். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவற்றை என் கையில் கொடுத்தார். “புத்தக எழுத்து இப்பக் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குதும்மா. போன்ல பெருசாப் படிக்கிற மாதிரி பண்ண முடியுமான்னு பாரு.”

என் லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. யூஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்றைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்கினேன். முதல் சிடி உடனே திறந்தது, இரண்டாவது சுற்றிக்கொண்டே இருந்தது. கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு சேர்ந்து விழும். நாலாவது முறை படித்தது. இரண்டிலும் சேர்த்து 11 வேர்டு கோப்புகள். முதல் வேலையாக அத்தனையையும் ஒரு ஃபோல்டரில் நகலெடுத்து “மூலம், தொடாதே” என்று பெயர் வைத்தேன். அந்த ஒரு ஃபோல்டர்தான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

கோப்பைத் திறந்தால் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகப் பக்கம் பக்கமாக ஓடியது. கோப்பு கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுக்கத் தள்ளிப் போட்டேன்.

கெடவில்லை. அந்தக் காலத்தில் பல தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தன. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு இருந்தால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் “தமிழ்” என்று வர, ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். கடைசியில் வரும் அரைப்புள்ளிதான் ழகரத்தின் மேல் நிற்கும் புள்ளி. அது தெரிந்ததும் திரையில் இருந்த வரிகளையே வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன். “எம், கே, அரைப்புள்ளி, கே, எச்” என்று ஒரு சொல் அடிக்கடி வந்தது. மெதுவாக எழுத்துக் கூட்டினேன். அம்மா.

எந்த எழுத்துரு என்று கண்டுபிடிப்பது எளிது. வேர்டில் ஒரு சொல்லின் மேல் கர்சரை வைத்தால், மேலே எழுத்துரு பெயர் காட்டும் பெட்டியில் பெயர் வரும். அந்த எழுத்துரு நம் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் பெயர் மட்டும் நிற்கும். பிடிஎஃப் என்றால் அக்ரோபேட் ரீடரில் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து ஃபான்ட்ஸ் பகுதியைப் பார்க்கலாம். பெயர் எதுவும் இல்லாத வெறும் உரை என்றால் கண்ணால் ஊகிக்கலாம்: வரிக்கு வரி அரைப்புள்ளி கொட்டிக் கிடந்தால் அநேகமாக பாமினி. தலையில் புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் நிறைய இருந்தால் டாப், டாம், டிஸ்கி போன்ற வேறு குறியீடுகளில் ஒன்றாக இருக்கும். எங்கள் 11 கோப்பில் ஒன்பது பாமினி, இரண்டு வானவில் அவ்வையார். டைப் செய்தவர்கள் இரண்டு பேர் போலிருக்கிறது.

பாமினி எழுத்துருவை லேப்டாப்பில் நிறுவியதும் அந்த ஒன்பது கோப்பும் தமிழாகத் தெரிந்தன. அன்று ராத்திரி அழுதேவிட்டேன். மறுநாள் காலையில் கோப்பை அப்பாவின் போனுக்கு அனுப்பினால், அங்கே பழையபடி ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு போனில் இல்லையே! எழுத்துருவை ‘லதா’ என்பதற்கு மாற்றிப் பார்த்தேன், அப்போதும் ஆங்கிலமே. லதா யூனிகோடு எழுத்துரு, அதாவது தமிழுக்கென்றே தனி இடம் வைத்திருக்கும் பொதுக் குறியீட்டில் அமைந்தது. உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. எழுத்துருவை மாற்றுவது சட்டை மாற்றுவது போலத்தான். உள்ளே இருக்கும் குறியீட்டையே யூனிகோடாக மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு சென்டரும் தனித்தனி எழுத்துரு வைத்திருந்த காலம் அது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் டாம், டாப் என்ற குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் முடிவாயின. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில். அதற்கு முன் டைப் ஆன எத்தனையோ வீட்டுக் கணக்கு, கோயில் மலர், சங்கத் தீர்மானம் எல்லாம் இப்படித்தான் பழைய கம்ப்யூட்டர்களில் முடங்கிக் கிடக்கின்றன. குப்பை என்று அழித்துவிடுகிறார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

மாற்றுவதற்கு இரண்டு கருவி பயன்படுத்தினேன். பாமினிக்கு சுரதாவின் பொங்குதமிழ் என்ற இணையப் பக்கம்: மேல் கட்டத்தில் ஒட்டி, பாமினியைத் தேர்ந்தெடுத்தால் கீழே யூனிகோடு வரும். வானவில்லுக்கு என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற மென்பொருள். எது எந்தக் குறியீடு என்று சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் போலவே இருக்கும், ஆனால் எந்தச் சொல்லும் சொல்லாக இருக்காது. முதலில் நாலு வரி போட்டு வாசித்துப் பாருங்கள், அப்புறம் முழுசாகப் போடலாம்.

இதில் நான் செய்த பெரிய தவறு ஒன்று. மூன்று கோப்புகளை மாற்றி, அண்ணன் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் நோட்பேடில் சேமித்தேன். சேமிக்கும்போது ஒரு எச்சரிக்கை வந்தது. படிக்காமல் ஓகே கொடுத்துவிட்டேன். மறுபடி திறந்தால் எல்லாமே கேள்விக்குறி. பழைய நோட்பேடு, நாம் சொல்லாவிட்டால் ஆன்சி முறையில் சேமிக்கும், அதில் தமிழுக்கு இடம் கிடையாது. அப்படிப் போனது போனதுதான், கேள்விக்குறியிலிருந்து எழுத்தைத் திரும்ப எடுக்க முடியாது. மூல நகல் இருந்ததால் ஒரு மாலை வேலை மட்டும் வீணானது. சேமிக்கும் பெட்டியில் கீழே என்கோடிங் என்று இருக்கும், அதில் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள்.

மாற்றியதும் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. பாதி வேலை அதற்குப் பிறகுதான்.

அப்பா ஒவ்வொரு பாட்டின் தலையிலும் எந்த கேசட் என்று குறித்திருந்தார், “டேப் 3” என்று ஆங்கிலத்தில். கன்வர்ட்டருக்கு அது ஆங்கிலம் என்று தெரியாது. அதையும் பாமினியாக எடுத்துக்கொண்டு “வுயிந 3” என்று ஆக்கிவிட்டது. முதலில் ஏதோ வட்டாரச் சொல் என்று நினைத்து நான் அகராதியில்கூடத் தேடினேன். ஆங்கிலம் கலந்த கோப்பு என்றால் ஆங்கிலச் சொற்களை முன்னாலேயே தனியாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது கண்ணுக்கே தெரியாத பிழை. திரையில் “அவா்கள்” என்று ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் தேடலில் “அவர்கள்” என்று அடித்தால் கிடைக்காது. டைப் செய்தவர், ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்காலைப் போட்டு அதன் மேல் புள்ளி வைத்திருக்கிறார். தாளில் அச்சிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால் அன்றைக்கு யாருக்கும் அது தவறாகத் தெரியவில்லை. யூனிகோடில் இரண்டும் வேறு. போனை வாசிக்கச் சொன்னாலும் அந்த இடத்தில் தடுமாறும். கால் மேல் புள்ளி வைத்த எழுத்தைத் தேடி, எல்லாவற்றையும் “ர்” ஆக்கும்படி ஒரே தடவையில் மாற்றலாம். துணைக்கால் மேல் புள்ளி வரும் சொல் தமிழில் கிடையாது, அதனால் பயமில்லை.

ஆனால் எல்லாவற்றையும் அப்படி மாற்றிவிட முடியாது. “ஔவை” என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் சேர்த்து “ஒளவை” என்று இருந்தது. அதை ஒட்டுமொத்தமாக மாற்றினால் ஒளி, ஒளிவு எல்லாமே பாழாகும். அதை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்றினேன்.

சில பாட்டுகளின் முதல் எழுத்து மட்டும் விசித்திரமாக இருந்தது. “தங்கம்” என்பது “துங்கம்” என்று. வேர்டு, ஆங்கில வாக்கியம் என்று நினைத்துப் பத்தியின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கியிருக்கிறது. பாமினியில் சின்ன ஜே தகரம், பெரிய ஜே து. இதற்குக் குறுக்குவழி கிடையாது, பத்திகளின் முதல் சொல்லை மட்டும் வரிசையாக வாசித்துக்கொண்டே போனேன்.

மூன்று வாரம், தினம் ராத்திரி ஒரு மணி நேரம். முடித்த கோப்பை கூகுள் டாக்ஸில் ஏற்றி, அப்பாவின் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். கண் அசந்தால் கேட்கட்டும் என்று, போனே தமிழில் வாசித்துக் காட்டும் வசதியையும் போட்டுவிட்டேன். அந்தக் குரலில் பாட்டு பாட்டாக இல்லை. அப்பாவுக்கு அது பெரிதாகப் படவில்லை. கூடவே மெல்ல ராகம் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து போன் செய்தார்.

“ஏம்மா, நாற்று நாற்றுன்னு வருதே, நீ மாத்துனியா?”

ஆமாம். பாட்டுகளில் “நாத்து” என்று இருந்தது டைப் பிழை என்று நினைத்து, எல்லா இடத்திலும் “நாற்று” ஆக்கியிருந்தேன்.

“அவங்க நாத்துன்னுதான் பாடுனாங்க. நான் அப்படியேதான் எழுதி வெச்சேன்.”

ஒட்டுமொத்தமாகத் திருப்பவும் முடியவில்லை, ஏனென்றால் பாட்டுக்குக் கீழே அப்பா எழுதிய விளக்கத்தில் “நாற்று” என்றே இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில் வரி சொல்லச் சொல்ல, மூலக் கோப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடமாகத் திருப்பி வைத்தேன். மொத்தம் 23 இடம். கடைசி இடத்துக்கு வந்தபோது அப்பா வரி சொல்லவில்லை, பாடினார்.