ஓய்வூதியமும் சம்பளமும்: எங்கும் பிடிக்காத வரியை நான் கட்டிய விதம்

அரசுப் பள்ளியில் கணித முதுகலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது தனியார் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு மாதமும் கருவூலத்திலிருந்து ஓய்வூதியமும் பள்ளியிலிருந்து சம்பளமும் வங்கிக் கணக்கில் சேர்கின்றன. இரண்டிலும் வருமான வரி என்று ஒரு ரூபாய்கூடப் பிடிப்பதில்லை. இதே நிலையில் இருக்கும் பலர், பிடித்தம் இல்லையென்றால் வரியும் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். 2024-25 நிதியாண்டுக்கு எனக்கு வந்த வரி 67,756 ரூபாய். அது எங்கிருந்து வந்தது, எப்படிக் கட்டினேன் என்பதை, ஓய்வுக்குப் பிறகும் வேலைக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் மொத்தமாக வந்த தொகைகள். பணிக்கொடை, ஓய்வின்போது கிடைத்த ஈட்டிய விடுப்புச் சம்பளம், ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தமாகப் பெறும் கம்யூட்டேஷன் தொகை ஆகிய மூன்றுக்கும் அரசு ஊழியருக்கு முழு வரிவிலக்கு உண்டு. தனியார் துறையில் ஓய்வு பெறுபவருக்கு அப்படி இல்லை: பணிக்கொடைக்கு 20 லட்சம், விடுப்புச் சம்பளத்துக்கு 25 லட்சம் ரூபாய் வரை விலக்கு. கம்யூட்டேஷனில், பணிக்கொடையும் பெற்றவருக்கு முழு ஓய்வூதியத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும், பெறாதவருக்குப் பாதிக்கும் விலக்கு. பலருக்குக் குழப்பம் வருவது இந்தப் பெரிய தொகைகளில்தான் என்றாலும் எனக்கு இதில் வேலை எதுவும் இருக்கவில்லை.

வேலை வைத்தது மாத ஓய்வூதியம். வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் அதுவும் சம்பளமே. கணவரோ மனைவியோ இறந்த பின் வரும் குடும்ப ஓய்வூதியம் மட்டும் 'பிற வருமானம்' என்ற தலைப்பில் வரும். ஆக, எனக்குச் சம்பளம் தருபவர்கள் இருவர். ஒருவருக்கு மற்றவரைப் பற்றி எதுவும் தெரியாது.

வரியைக் கணக்கிடப் பழைய முறை, புதிய முறை என்று இரண்டு உண்டு; கழிவுகளும் விகிதங்களும் குறைவாக இருப்பது புதிய முறை. அதில், செலவுக் கணக்கு எதுவும் காட்டாமல் சம்பளத்திலிருந்து கழியும் நிலையான கழிவு 2024-25க்கு 75,000 ரூபாய். அதைக் கழித்த பின் வருமானம் 7 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரி பூஜ்யமாகிவிடும். என் ஓய்வூதியம் மாதம் 48,000, ஆண்டுக்கு 5,76,000. கருவூலம் 75,000 கழித்து, 5,01,000 என்று கண்டு, வரி இல்லை என்று விட்டுவிட்டது. பள்ளியில் மாதம் 45,000, ஆண்டுக்கு 5,40,000. அவர்களும் 75,000 கழித்து, 4,65,000 என்று கண்டு, வரி இல்லை என்றார்கள். இரண்டு கணக்கும் தனித்தனியே சரி. ஆனால் நிலையான கழிவு ஒரு மனிதருக்கு ஒரு முறைதான். மூன்று லட்சம் வரையிலான வரியில்லா அடுக்கும் ஒரு முறைதான். தள்ளுபடி மொத்த வருமானத்தைப் பார்த்துத்தான். இரண்டையும் கூட்டினால் 11,16,000. ஒரே ஒரு 75,000 கழித்தால் 10,41,000. வங்கி டெபாசிட் வட்டி 57,000, சேமிப்புக் கணக்கு வட்டி 3,000 சேர்த்தால் 11,01,000.

அதற்கு வரி: 3 முதல் 7 லட்சம் வரை 5 சதவீதம், 20,000. 7 முதல் 10 லட்சம் வரை 10 சதவீதம், 30,000. மீதி 1,01,000க்கு 15 சதவீதம், 15,150. கூட்டினால் 65,150, அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி 2,606. மொத்தம் 67,756. டெபாசிட் வட்டி அப்போதைய 50,000 ரூபாய் வரம்பைத் தாண்டியதால் வங்கி 5,700 பிடித்திருந்தது. வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் வங்கிக்குக் கொடுப்பது 15எச் படிவம். மொத்தக் கணக்கில் வரி வருகிறது என்று தெரிந்த பிறகு அதைக் கொடுப்பது பொய் உறுதிமொழி. ஆகவே நான் கொடுக்கவில்லை.

பழைய முறையிலும் போட்டுப் பார்த்தேன். 80சி பிரிவில் வரும் சேமிப்புகள், மருத்துவக் காப்பீடு, மூத்த குடிமக்களுக்கான வட்டிக் கழிவு என்று எல்லாவற்றையும் உச்சவரம்புக்கே எடுத்துக்கொண்டாலும் 88,000க்கு மேல் வந்தது. புதிய முறையே போதும் என்று முடிவு செய்தேன். வீட்டுக் கடனோ வாடகைப்படியோ இருப்பவருக்கு விடை மாறலாம். தம் எண்களைப் போட்டுப் பார்க்காமல் யாரும் என் முடிவைப் பின்பற்ற வேண்டாம்.

இந்தக் கணக்குக்கும் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் பார்வையில் இந்த விவகாரத்தில் மிக முக்கியமான இடம் அதுதான். பள்ளியில் சேரும்போது அலுவலகக் கணக்காளர், "சார், உங்களை ஆலோசகர் என்று போட்டுவிடலாமா? பத்து சதவீதம் பிடித்துக்கொண்டு கட்டணமாகத் தந்துவிடுவோம். எங்களுக்கும் எளிது, உங்களுக்கும் எளிது" என்றார். மரியாதையான இளைஞர், நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். நான் ஒரு நாள் அவகாசம் கேட்டு, சட்டம் என்ன சொல்கிறது என்று படித்தேன்.

கட்டணமாக வாங்கினால் அது தொழில்முறை வருமானம். இந்தியாவில் வசிக்கும் 60 வயது நிறைந்தவருக்கு, வணிக வருமானமும் தொழில்முறை வருமானமும் இல்லாதவரை, முன்கூட்டிய வரி கட்டும் கடமை இல்லை. 207ஆம் பிரிவு தரும் இந்தச் சலுகை, கட்டணம் என்ற பெயரில் ஒரு ரசீது வந்தவுடன் போய்விடும். பிடித்தம் போக மீதி வரி 10,000 ரூபாயை எட்டினால் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று நான்கு தவணையில் கட்ட வேண்டும். தவறினால் மாதம் ஒரு சதவீத வட்டி. ஐ.டி.ஆர். 1 என்ற எளிய படிவமும் கைவிட்டுப் போகும். ஆண்டுதோறும் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் விருப்பம்போல் மாறும் சுதந்திரமும் சுருங்கிவிடும்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. காலை எட்டரைக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறேன். தலைமையாசிரியர் போடும் கால அட்டவணைப்படி வகுப்புக்குப் போகிறேன். விடுப்புக்கு விண்ணப்பம் எழுதுகிறேன். இது வேலை, ஆலோசனை அல்ல. நடப்பது எதுவோ அதுவே தாளிலும் இருக்க வேண்டும் என்று கணக்காளரிடம் சொன்னேன். நிர்வாகம் ஏற்றுக்கொண்டு சம்பளப் பட்டியலில் சேர்த்தது. ஓய்வுக்குப் பிறகு வேலையில் சேரும் எவரும், எவ்வளவு தருவீர்கள் என்று கேட்கும் அதே மூச்சில், எந்தத் தலைப்பில் தருவீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

வரியை மாதாமாதம் பிடிக்கச் செய்யவும் வழி இருந்தது. வேறு இடத்துச் சம்பள விவரத்தை 12பி படிவத்தில் பள்ளிக்குக் கொடுத்தால், இரண்டையும் கூட்டிப் பள்ளியே பிடித்துவிடும். முதல் ஆண்டில் நான் அதைச் செய்யவில்லை. எனக்கு முன்கூட்டிய வரிக் கடமை இல்லை; ஆகவே மாதம் 5,500 ரூபாயைத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டுவந்தேன். அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருக்கும் கட்டுப்பாடு தம்மிடம் இருக்கிறதா என்று அவரவர் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பேரப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வந்து நிற்கும்போது அந்தக் கணக்கின் மேல் கண் போகும். சந்தேகம் இருந்தால் 12பி கொடுத்துவிடுவதே நல்லது.

ஆண்டு முடிந்ததும் தாள்களைச் சேர்ப்பதில்தான் பொறுமை தேவைப்பட்டது. வரி பிடித்திருந்தால்தான், அதற்குச் சான்றான படிவம் 16 தருவது கட்டாயம். எனக்கு இரண்டு இடத்திலும் பிடித்தம் இல்லை. பள்ளி கேட்டதும் சம்பளச் சான்று கொடுத்தது. ஓய்வூதியத்துக்கு மாதச் சீட்டுகளை எடுத்துவைத்துக் கூட்டினேன். வங்கிப் புத்தகத்தில் வரவான தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவக் காப்பீட்டுக்கும் குடும்பப் பாதுகாப்பு நிதிக்கும் பிடிப்பவை போகத்தான் அங்கே வரவாகிறது. வரிக்கணக்கில் அவற்றைத் திரும்பச் சேர்க்க வேண்டும். கம்யூட்டேஷனுக்காகக் குறைக்கப்படும் பகுதி அப்படியல்ல; அது நம் வருமானமே இல்லை, சேர்க்கத் தேவையில்லை. இதைப் பிரித்தறியாமல், குறைப்பதற்கு முந்திய முழு ஓய்வூதியத்துக்கும் வரி கட்டிவந்த ஒருவரை எனக்குத் தெரியும். அகவிலைப்படி நிலுவையோ ஊதிய நிலுவையோ முந்தைய ஆண்டுகளுக்காக வந்திருந்தால், நிலுவை ஒரே ஆண்டில் சேர்வதால் கூடும் வரியைக் குறைக்கும் 89ஆம் பிரிவு நிவாரணத்துக்கு 10இ படிவத்தை வருமான வரிக் கணக்குக்கு முன்பே தாக்கல் செய்துவிட வேண்டும்.

பிறகு வருமான வரி இணையதளத்தில் நம் பெயரில் பிடிக்கப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையையும், வட்டி போன்ற வரவுகளைக் காட்டும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் இறக்கி, வட்டியையும் வங்கி பிடித்த 5,700ஐயும் ஒத்துப் பார்த்தேன். அந்த ஆண்டு கணக்குத் தாக்கலுக்கான கெடு ஜூலை 31லிருந்து செப்டம்பர் 15க்கும், கடைசியில் செப்டம்பர் 16க்கும் தள்ளிப்போனது. நான் கெடுவுக்காகக் காத்திருக்கவில்லை.

தாக்கலுக்கு முன் மீதி வரியைக் கட்ட வேண்டும். தளத்தில் 'இ-பே டாக்ஸ்' பகுதிக்குப் போய், மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்றும், சுயமதிப்பீட்டு வரி, அதாவது 300 என்ற தலைப்பு என்றும் தேர்ந்தெடுத்தேன். இந்த இடத்தில் அவசரம் கூடாது. நிதியாண்டு 2024-25, மதிப்பீட்டு ஆண்டு 2025-26. மாற்றிப் போட்டால் பணம் வேறு ஆண்டின் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். வங்கி பிடித்த 5,700 போக மீதி 62,056ஐப் பத்து ரூபாய்க்கு முழுமையாக்கி 62,060 கட்டினேன். சலானை அச்செடுத்துக்கொண்டு ஐ.டி.ஆர். 1ஐத் திறந்தேன். சம்பளத் தலைப்பில் ஓய்வூதியத்தையும் பள்ளிச் சம்பளத்தையும் இட்டேன். 75,000 ஒரு முறைதான் கழிகிறதா, சலான் விவரம் ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன். ஆதாருடன் இணைந்த கைபேசிக்கு வந்த எண்ணைக் கொடுத்து அன்றே சரிபார்ப்பையும் முடித்தேன். வரித்துறையின் அறிவிப்பில் கட்ட வேண்டியது பூஜ்யம், திரும்ப வர வேண்டியது பூஜ்யம் என்று இருந்தது.

2025-26இல் நிலைமை மாறியது. புதிய முறையில் தள்ளுபடிக்கான வருமான வரம்பு 12 லட்சமாக உயர்ந்தது. அகவிலைப்படியும் சிறு சம்பள உயர்வும் சேர்ந்து என் ஓய்வூதியம் 5,94,000, சம்பளம் 5,64,000, வட்டி 62,000. நிலையான கழிவு போக 11,45,000. வரி இல்லை. ஆனாலும் வரியில்லா அடுக்கான 4 லட்சத்தைத் தாண்டுவதால் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். (நான் சொன்ன பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியானவை. 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் எண்கள் வேறு.)

தள்ளுபடி உயர்ந்ததால் இந்தப் பள்ளம் சிலருக்கு இன்னும் ஆழமாகியிருக்கிறது. என்னோடு பணியாற்றும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கு ஓய்வூதியம் மாதம் 72,000, பள்ளியில் என் சம்பளமே. தனித்தனியே பார்த்தால் இரண்டும் 12 லட்சத்துக்கு வெகு கீழே. யாரும் பிடிக்க மாட்டார்கள். கூட்டினால் கழிவு போக 13,53,000, வரி செஸ்ஸோடு 86,268. நாங்கள் இருவரும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டோம். அவர் மறுநாளே 12பி படிவத்தை நிரப்பிக் கணக்காளரிடம் கொடுத்தார். இப்போது பள்ளி அவர் சம்பளத்தில் மாதம் 7,200 ரூபாய் அளவில் பிடித்துக் கட்டிவருகிறது.