நான்கு கட்டடங்களுக்கு ஒரு நெட்வொர்க்: சுங்கை சிப்புட்டில் எங்கள் அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களை ஒட்டி எங்கள் லாரி நிறுவனம் இருக்கிறது. தோட்டத்திலிருந்து ஆலைக்குக் குலை ஏற்றிப் போவதுதான் தொழில். அலுவலகம், உதிரிபாக ஸ்டோர், பட்டறை, லாரி எடை போடும் இடத்தில் ஒரு சிறிய அறை என்று ஒரே வளாகத்தில் நான்கு கட்டடங்கள். கணக்கு வழக்கு என் பொறுப்பு. எங்களைப் போல ஆண்டு விற்பனை 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டி 2.5 கோடி ரிங்கிட் வரை உள்ளவர்களுக்கு 2025 ஜூலை 1 முதல் இ-இன்வாய்ஸ் (மின்னணு விலைச்சீட்டு) கட்டாயமானது. எடைச் சீட்டும் ஸ்டோர் கணக்கும் அலுவலகத்துக்கு உடனே வந்து சேர வேண்டும். நெட்வொர்க்கைப் புதிதாகப் போட்டே ஆக வேண்டிய நிலை.

பழையதை ஒரு ஒப்பந்தக்காரர் போட்டிருந்தார். கட்டடத்துக்குக் கட்டடம் கூரை வழியாகச் செம்புக் கேபிள். மாலையில் இடி இடித்தால் எங்கோ ஒரு ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டி) போய்விடும். கடைசியாகப் போனதைக் கழற்றிப் பார்த்தோம். பட்டறைக் கேபிள் செருகியிருந்த துளை மட்டும் கருகியிருந்தது, மற்றவை பளிச்சென்று இருந்தன. பட்டறை அண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, நல்ல பெட்டி வாங்குறது அப்புறம் இருக்கட்டும். இந்தக் கம்பி இருக்கிற வரைக்கும் எதை வச்சாலும் போயிடும்” என்றார். அவர் சொன்னதுதான் சரி. பக்கத்தில் இடி விழும்போது இரண்டு கட்டடங்களின் எர்த்துக்கும் இடையே மின்னழுத்தம் தாறுமாறாக வேறுபடும். நடுவில் செம்பு இருந்தால் அந்த மின்சாரம் அதன் வழியாகத்தான் பாயும்.

அதனால் பிராண்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே கட்டடங்களுக்கு இடையே ஃபைபர் என்று முடிவு செய்துவிட்டோம். அது கண்ணாடி இழை, தகவல் ஒளியாகப் போகும், மின்சாரம் பாயாது. பட்டறை 180 மீட்டர் தள்ளி இருக்கிறது. செம்பு ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர்தான் எல்லை, ஆகவே அங்கே வேறு வழியே இல்லை. ஸ்டோர் 60 மீட்டர்தான். “இதுக்கு எதுக்கு ஃபைபர்?” என்று முதலாளி கேட்டார். தூரத்துக்காக அல்ல, இடிக்காக என்று சொன்னதும் ஒப்புக்கொண்டார். கேபிளிலும் இரும்புக் கவசமோ தாங்குகம்பியோ இல்லாத வகையைக் கேட்டு வாங்கினோம். உள்ளே உலோகம் இருந்தால் இடியைத் தவிர்க்கவே ஃபைபர் போட்டதன் பலன் பாதி போய்விடும்.

வயர்லெஸ் பிரிட்ஜ் (இரு கட்டடங்களை ரேடியோ அலையில் இணைக்கும் கருவி) போட்டால் தோண்டுகிற செலவு மிச்சம் என்று ஒரு விற்பனையாளர் சொன்னார். எங்கள் எடை அறைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே செம்பனை வரிசை நிற்கிறது. இன்று மட்டைக்கு மேலே பார்வை தெரியலாம், மரம் வளர்ந்தால் மறைத்துவிடும். 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் வகையோ கனமழையில் தடுமாறும். பேராக் மழையை நம்பி அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

12 இழை சிங்கிள் மோட் (நீண்ட தூரத்துக்கும் ஏற்ற ஃபைபர் வகை) கேபிள் போட்டோம். இப்போது ஓடுவது இரண்டு இழைதான். தோண்டுவதுதான் பெரிய செலவு, கூடுதல் இழைக்கு விலை அதிகமில்லை. லாரி கடக்கும் இடத்தில் மட்டும் ஆழமாகத் தோண்டி இரும்புக் குழாய்க்குள் விட்டோம். ஈப்போவிலிருந்து வந்த தம்பி இழைகளை ஒட்டியபோது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். திரையில் இரண்டு கண்ணாடி முனைகள் நேருக்கு நேர் வந்து நின்றன, ஒரு சின்ன வெளிச்சம், அப்புறம் கோடே தெரியவில்லை. ஒட்டிய இடத்தில் ஒளி இழப்பு வெறும் 0.02 டெசிபல் என்று காட்டியது.

பிறகுதான் கருவிகள். எல்லா இடத்துக்கும் 10 ஜிகாபிட் வேகம் வேண்டும் என்றார்கள் விற்பனையாளர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேமரா ஒன்றுக்கு 4 மெகாபிட் என்றால் 16 கேமராவுக்கு 64 மெகாபிட். கணினிகள், எடை இயந்திரம் எல்லாம் சேர்த்தாலும் 1 ஜிகாபிட் தாராளம். பின்னால் தேவைப்பட்டால் அதே இழையில் இரு முனைக் கருவிகளை மட்டும் மாற்றினால் போதும்.

ஸ்விட்ச் வாங்கும்போது எத்தனை போர்ட் என்று மட்டும் பார்க்காதீர்கள், பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கருவிகளுக்குத் தரும் மின்சாரம்) மொத்தம் எத்தனை வாட் தரும் என்று பாருங்கள். பட்டறையில் 6 கேமரா, இரவு விளக்கு எரியும்போது ஒன்றுக்கு 8 வாட் என்று 48. இரண்டு வைஃபை கருவிகளுக்குத் தலா 20. மொத்தம் 88 வாட். முதலில் காட்டிய 8 போர்ட் ஸ்விட்ச் மொத்தமே 60 வாட்தான் தரும். பகலில் ஓடும், இருட்டியதும் கேமரா ஒவ்வொன்றாக விழும். 120 வாட் தருவதை எடுத்தோம். அதுவும் மின்விசிறி இல்லாதது, 50 டிகிரி வரை தாங்குவது. தகரக் கூரைப் பட்டறையில் விசிறி வைத்தால் தூசியைத்தான் இழுத்து உள்ளே போடும்.

பிராண்ட் விஷயத்தில் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டியவற்றை ஒதுக்கிவிட்டோம். ஓமாடா, யூனிஃபை, மைக்ரோடிக் மூன்றையும் பார்த்து, ஈப்போ கடையில் உடனே மாற்று கிடைக்கிறது என்பதற்காகவே ஓமாடாவை எடுத்தோம். வைஃபை கருவிகளில் மலேசியத் தர நிறுவனமான சிரிமின் சான்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம். கேமரா, கணக்கு, விருந்தினர் மூன்றையும் விலேன் (ஒரே கேபிளில் தனித்தனி நெட்வொர்க்குகள்) போட்டுத் தனித்தனியாகப் பிரித்தாயிற்று. ஓட்டுநர்களின் கைபேசிக்கும் கணக்குக் கணினிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: தோண்டும் வேலை, ஃபைபர், கருவிகள் மூன்றுக்கும் விலைப்பட்டியலைத் தனித்தனியாகக் கேளுங்கள். எர்த் எத்தனை ஓம் என்று அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு இழையின் சோதனை முடிவும் குழாய் போகும் வரைபடமும் கைக்கு வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.